ஒப்படைப்பு நிபந்தனைகள்: எதை, எப்போது, எந்தக் கையில்

திருமணம் எடுக்கும் எந்த ஸ்டுடியோவிலும் போய்க் கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாளரோடு மனக்கசப்பு வந்த கதைகளில் பெரும்பாலானவை மண்டபத்தைக் காலி செய்த பிறகு தொடங்கியவையாக இருக்கும். முகூர்த்தம் முடிந்து கிளம்பும்போது பெண்ணின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "பிரமாதம் தம்பி, சொந்தப் பிள்ளை மாதிரி நின்னு எடுத்தீங்க" என்றிருப்பார். மூன்று மாதம் கழித்து அவரே போனில் குரலை உயர்த்துவார்.

"ஆல்பம் என்னப்பா ஆச்சு? சம்பந்தி வீட்ல கேக்கறாங்க, நான் என்ன பதில் சொல்றது?"

"சார், நீங்க இன்னும் செலக்ஷனே குடுக்கலையே."

"செலக்ஷன் நாங்க குடுக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே தம்பி."

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். கொட்டேஷனில் "40 ஷீட் ஆல்பம் 2, டீசர் 1, பென்டிரைவ் 1" என்று பொருள்களின் பட்டியல் இருந்திருக்கும். அந்த ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பது யார், எத்தனை நாளில், தேர்ந்தெடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இருந்திருக்காது. கட்டணம், பயணம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றையும் பேசி முடிக்கும் நாம் ஒப்படைப்பை மட்டும் "சீக்கிரம் குடுத்துடுவோம் சார்" என்ற வாய்வார்த்தையில் விட்டுவிடுகிறோம். ஒப்பந்தத்தில் மிக விரிவாக எழுதவேண்டிய பகுதி அதுதான் என்பது என் உறுதியான கருத்து. இந்த அத்தியாயம் தமிழ்நாட்டுத் திருமண வேலையை வைத்தே பேசுகிறது. வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நிறுவன நிகழ்ச்சி எதுவானாலும் இதே முறை பொருந்தும்.

எழுதாவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது

படம் எடுத்தவருக்கே அதன் பதிப்புரிமை என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். யூடியூபில் வெளிநாட்டுக் கலைஞர்கள் சொல்வதைக் கேட்டுக்கேட்டு வந்த நம்பிக்கை அது. அமெரிக்காவில் சுயேச்சையாக வேலை செய்யும் கலைஞருக்கு அது பொதுவாகச் சரி. இந்தியாவில் நிலைமை வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்தவர் அதன் ஆசிரியர். ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, (பி) உட்பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் பெற்று எடுத்த புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்கிறது.

எதுவும் எழுதிக்கொள்ளாமல் ஒரு திருமணத்தை எடுத்தீர்கள் என்றால், படங்களின் பதிப்புரிமை உங்களை அமர்த்தியவரிடம் போய்விடும். 57ஆம் பிரிவு தரும் உரிமை மட்டும் உங்களோடு இருக்கும். இது என் படைப்பு என்று உரிமை கொண்டாடலாம். உங்கள் பெயருக்குக் கெடுதல் வரும்படி யாராவது அதைச் சிதைத்தால் தடுக்கலாம். அந்தப் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடுவதற்கும், ஸ்டுடியோ வாசலில் பெரிதாக வைப்பதற்கும், போட்டிக்கு அனுப்புவதற்கும் உரிமையாளரிடம்தான் கேட்கவேண்டும். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க ஒப்பந்தப் படிவத்தைப் பெயர் மட்டும் மாற்றி உபயோகிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. அந்தப் படிவங்களில் சில, உரிமை ஏற்கெனவே கலைஞரிடம் இருக்கிறது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. நம் ஒப்பந்தம் அதை வெளிப்படையாகச் சொல்லியாகவேண்டும்:

"இந்நிகழ்ச்சியில் எடுக்கப்படும் அனைத்துப் படங்களின் பதிப்புரிமையும் புகைப்படக் கலைஞரைச் சேரும் என்று இருதரப்பும் ஒப்புக்கொள்கிறார்கள். மணமக்களும் இரு குடும்பத்தாரும் இப்படங்களைச் சொந்த உபயோகத்துக்குக் கால வரம்பின்றி அச்சிடலாம், பிரதி எடுக்கலாம், பகிரலாம். விற்பதற்கும் விளம்பரத்துக்குத் தருவதற்கும் கலைஞரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்."

குடும்பத்துக்கு இதனால் எந்த இழப்பும் இல்லை. இரண்டாவது வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டினால் யாரும் மறுக்கமாட்டார்கள். முதல் வரியை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டால்தான் "எங்க வீட்டுக் கல்யாணப் படம் உங்களுக்கா சொந்தம்?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது.

நிறுவனங்களுக்கு எடுக்கும்போது அவர்கள் உரிமையை முழுவதும் எழுதித் தரச் சொல்வார்கள். தரலாம், அதற்குத் தனி விலை வைத்து. 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

நாள் எண்ணத் தொடங்குவது எங்கிருந்து

"60 நாளில் ஆல்பம் தரப்படும்." பெரும்பாலான கொட்டேஷன்களில் இப்படித்தான் இருக்கிறது. எதிலிருந்து 60 நாள்? திருமண நாளிலிருந்தா, பேலன்ஸ் கட்டிய நாளிலிருந்தா, செலக்ஷன் வந்த நாளிலிருந்தா? நீங்கள் மனதில் வைத்திருப்பது ஒன்று, அவர்கள் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருப்பது இன்னொன்று.

ஆல்பம் ஒரே வேலையல்ல. நீங்கள் படங்களைப் பிரித்து, கலர் சரிசெய்து அனுப்பவேண்டும், அவர்கள் தேர்ந்தெடுக்கவேண்டும், நீங்கள் டிசைன் செய்யவேண்டும், அவர்கள் பார்த்துச் சரி சொல்லவேண்டும், பிறகு அச்சகம். ஐந்து கட்டங்களில் இரண்டு அவர்கள் கையில். ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி நாள் எழுதுங்கள். அந்த நாள், முந்தின கட்டம் முடிந்ததிலிருந்து எண்ணப்படும் என்றும் எழுதுங்கள். முடிந்ததற்கு அடையாளம் இருவர் கண்ணுக்கும் தெரிவதாக இருக்கவேண்டும்: வாட்ஸ்அப்பில் லிங்க் போன நாள், செலக்ஷன் பட்டியல் வந்த நாள், "ஓகே, பிரிண்ட் போடுங்க" என்ற செய்தி வந்த நாள்.

பிப்ரவரி 8 அன்று ஒரு திருமணம் என்று வைத்துக்கொள்வோம். முழுப் படங்கள் 45 நாளில் என்றால் மார்ச் 25. செலக்ஷனுக்கு 21 நாள், ஏப்ரல் 15. டிசைனுக்கு 15 நாள், ஏப்ரல் 30. பார்த்துத் திருத்தம் சொல்ல 7 நாள், மே 7. அச்சுக்கும் பைண்டிங்குக்கும் 20 நாள், மே 27. இரு தரப்பும் ஒருநாள்கூடத் தவறாமல் நடந்தாலே ஆல்பம் கைக்கு வர மூன்றரை மாதத்துக்கு மேல் ஆகிறது. முன்பதிவு அன்றே இந்தத் தேதிகளை அந்தக் குடும்பத்தின் முன்னால் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். "அவ்வளவு நாளா?" என்று அன்றைக்கு அதிர்ச்சியடைவார்கள். அந்த அதிர்ச்சி அன்றைக்கே தீர்ந்துவிடுவது நல்லது.

45 நாள் என்பது சோம்பேறித்தனத்துக்கு வைத்த கணக்கல்ல. முந்தின நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். ட்ரெடிஷனல் ஒருவர், கேண்டிட் ஒருவர். இருவருமாகச் சேர்ந்து 5,000 படம் எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு படத்துக்கு 3 விநாடி என்று பார்த்துக் கழித்தாலே 4 மணி நேரத்துக்கு மேல். அதில் 800 படத்தை நிறுத்தி, படத்துக்கு 2 நிமிடம் என்று கலர் கரெக்ஷன் செய்தால் 27 மணி நேரம் வரும். ஒரு திருமணத்துக்கு 31 மணி. தை மாதத்தில் 8 திருமணம் ஒப்புக்கொண்டால் 248 மணி. நாளுக்கு 8 மணி நேரம் உட்கார்ந்தாலும் முழுசாக ஒரு மாதம். மண்டபத்தில் நிற்கும் நாள்களும் வீடியோ எடிட்டிங்கும் இதில் சேரவில்லை. உங்கள் எண்களை வைத்து நீங்களே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரும் விடைதான் நீங்கள் எழுதவேண்டிய நாள். பக்கத்து ஸ்டுடியோ "15 நாளில் தர்றோம்" என்கிறது என்பதற்காக அதைக் குறைக்காதீர்கள்.

நம் தொழிலுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்துத் திருமணங்கள் அநேகமாக நின்றுவிடும். வைகாசி, ஆனி வேலைகளின் பாக்கி ஆடியில் தீரும். ஐப்பசி, கார்த்திகை பாக்கி மார்கழியில் தீரும். ஒரே மாதத்தில் முகூர்த்த நாள்கள் நெருக்கமாக வந்தால் அந்த மாதத்து ஒப்பந்தங்களில் மட்டும் 45ஐ 60 ஆக்கிக்கொள்ளுங்கள். எல்லா ஒப்பந்தத்திலும் ஒரே எண் இருக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

முழுப் படங்கள் வரும்வரை குடும்பம் வெறுங்கையோடு இருக்கக்கூடாது. 3 நாளில் 30 படம் முன்னோட்டமாகத் தருவதாக எழுதுங்கள், தவறாமல் கொடுங்கள். தாலி கட்டும் படம், இரு வீட்டார் நிற்கும் குடும்பப் படம், தாத்தா பாட்டியோடு மணமக்கள், இவை கட்டாயம் அதில் இருக்கட்டும். மணமக்களில் ஒருவர் வெளிநாட்டில் வேலை செய்பவராக இருந்தால் விசா விண்ணப்பத்துக்குத் திருமணப் படங்கள் அவசரமாகத் தேவைப்படும். தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும் என்ற 2009ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அந்த ஓட்டத்திலும் படம் கேட்டு போன் வரும். முன்பதிவின்போதே "விசா தேவை உண்டா?" என்று கேட்டு, உண்டென்றால் அதற்கான 20 படங்களுக்குத் தனித் தேதி குறித்துவிடுங்கள்.

செலக்ஷன் வராமலே இழுத்துக்கொண்டு போனால்? பெண் சென்னையில், மாப்பிள்ளை பெங்களூரில், 800 படத்தையும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஞாயிற்றுக்கிழமை வாய்ப்பதில்லை. இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதற்கு நான் பரிந்துரைக்கும் வாசகம்:

"படங்களின் லிங்க் அனுப்பிய 21 நாளுக்குள் ஆல்பத்துக்கான படங்களைத் தேர்ந்தெடுத்துத் தரவேண்டும். 21ஆம் நாளில் ஒரு நினைவூட்டல் அனுப்பப்படும். 60 நாள் கடந்தும் வராவிட்டால், குடும்பத்தார் விரும்பினால் கலைஞரே தேர்ந்தெடுத்து டிசைன் செய்வார். 180 நாளுக்குப் பின் தரப்படும் தேர்வுக்கு அன்றைய அச்சுக் கட்டணத்தில் உள்ள வித்தியாசம் சேர்க்கப்படும்."

"ஆல்பம் ரத்தாகும்" என்று எழுதாதீர்கள். பணம் வாங்கிய பொருளைத் தரமாட்டேன் என்பது எந்த மன்றத்திலும் நிற்காது, மனசாட்சிக்கும் ஒவ்வாது.

உங்கள் பக்கத் தாமதத்துக்கும் ஒரு விலை வையுங்கள். சொன்ன நாளைத் தாண்டி ஒவ்வொரு முழு வாரத்துக்கும் ஆல்பத் தொகையில் 2 சதவீதம் கழிவு, அதிகபட்சம் 10 சதவீதம் என்பது போல. புகைப்படக்காரர் தானாகவே இப்படி எழுதித் தருவதைப் பார்த்த குடும்பம் மற்ற நிபந்தனைகளில் கையெழுத்துப் போட அவ்வளவாக யோசிப்பதில்லை. நமக்கும் அது ஒரு கட்டாயம்.

எத்தனை படம், எந்த வடிவில்

படத்தின் எண்ணிக்கைக்குக் கீழ் வரம்பு மட்டும் எழுதுங்கள்: "சரிசெய்யப்பட்ட படங்கள் 600க்குக் குறையாமல்." மேல் வரம்பு சொன்னால் அதை எட்டுவதற்காக ஒரே போஸில் நாலு படத்தைச் சேர்க்க நேரும்.

ஜேபெக் கோப்பு, முழு அளவு, எஸ்ஆர்ஜிபி, வாட்டர்மார்க் இல்லாமல் என்று எழுதிவிட்டால் போதும். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000க்கு 4000 புள்ளி. 300 டிபிஐயில் அதை 20 அங்குல அகலம் வரை நன்றாக அச்சிடலாம். குடும்பத்துக்கு இதைத் தமிழில் சொல்லுங்கள்: "நீங்க பின்னால சுவர்ல மாட்டப் பெருசா போட்டாலும் தெளிவா வரும்." வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், அப்படி அனுப்பியவற்றை அச்சுக்குக் கொடுத்துவிட்டு, படம் மங்கல் என்று உங்களிடம் வருவார்கள். முன்னோட்டப் படங்கள் பார்ப்பதற்கு மட்டும், அச்சுக்கு அல்ல என்று ஒரு வரி சேருங்கள். பென்டிரைவில் தருவதானால் அது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டதா பாருங்கள். பழைய ஃபேட் 32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. முழு வீடியோ அங்கேதான் நின்றுபோகும்.

ரா கோப்புகளைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருப்பது ஆபத்து. எல்லாப் படத்துக்கும் பணம் கொடுத்திருக்கிறோம், எல்லாவற்றையும் கொடுங்கள் என்று கேட்பார்கள். மேலே சொன்ன 17ஆம் பிரிவை வைத்துப் பார்த்தால், நீங்கள் எதுவும் எழுதாத நிலையில் அந்தக் கோரிக்கைக்குப் பேச இடம் இருக்கிறது. தருவதில்லை என்றால் தருவதில்லை என்று எழுதுங்கள். தருவதென்றால் என்ன விலை, ஹார்ட் டிஸ்க் யாருடையது என்று எழுதுங்கள். நான் தருவதற்கு எதிரி அல்ல. விலை வைத்துத் தரலாம், உங்கள் பெயரைப் போட்டு வேறு யாரோ எடிட் செய்த படத்தை வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையோடு.

ரீடச் எதுவரை என்பதையும் வரையறுக்கவேண்டும். பரு, வியர்வை, நெற்றியில் வழிந்த குங்குமம், பின்னணியில் தெரியும் தண்ணீர்க் கேன் இவற்றைச் சரிசெய்வது உங்கள் வேலை. ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த படங்களில் மட்டும், என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பற்றி வேண்டுகோள் வரும்: "பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க தம்பி." இதற்கு என் பதில் ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டும் என்பேன்: "தோலின் இயல்பு நிறம் மாற்றப்படாது." அந்தப் பெண் முப்பது வருடம் கழித்துத் தன் மகளுக்குக் காட்டப்போகும் படம் அது. அதில் இருப்பது அவளாகவே இருக்கவேண்டும். வெளிச்சத்தைச் சரியாக அமைத்து, அவள் முகம் ஒளிர்வதை எடுத்துக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. அதற்குத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

ஆல்பத்துக்கு அளவு, ஷீட் எண்ணிக்கை, தாளின் வகை, பெட்டி உண்டா இல்லையா, கூடுதல் ஷீட் ஒன்றுக்கு என்ன விலை என்று எழுதவும். டிசைன் திருத்தம் 2 முறை. மூன்றாவது முறைக்கு ஷீட் கணக்கில் கட்டணம். அச்சுக்குப் போகும் முன் அட்டையை மட்டும் தனியாக அனுப்பி, மணமக்கள் பெயர், எழுத்து, யார் பெயர் முதலில், திருமணத் தேதி நான்கையும் பார்த்து "சரி" என்று எழுதி வாங்குங்கள். உள்ளே 80 பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அட்டையில் ஓர் எழுத்து மாறினால் மொத்த ஆல்பமும் திரும்பி வரும். அழைப்பிதழில் ஒரு எழுத்தும் ஆதாரில் வேறு எழுத்துமாகப் பெயர் இருக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம்.

வீடியோவுக்கும் இதே முறைதான். டீசர், ஹைலைட்ஸ், முழு வீடியோ மூன்றுக்கும் எத்தனை நிமிடம், எத்தனை நாள் என்று எழுதினால் போதும். பாட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. திருமண நிகழ்ச்சியில் பாட்டு ஒலிபரப்ப சட்டம் விலக்கு தருகிறது. அதே சினிமாப் பாட்டைச் சேர்த்த வீடியோவை யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். ஒலி முடக்கப்பட்டால் அதற்கு நீங்கள் பொறுப்பல்ல என்பதையும், உரிமம் பெற்ற இசை வேண்டுமானால் அதன் விலையையும் எழுதுங்கள்.

பணமும் படமும் சேர்ந்து நகரட்டும்

ஆல்பம் கொடுத்த பிறகு மீதிப் பணம் என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். கல்யாணச் செலவெல்லாம் முடிந்து, கடன் அடைத்துக்கொண்டிருக்கும் தகப்பனாரிடம் நாலு மாதம் கழித்துப் போய் நிற்பது அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். முன்பதிவில் 30 சதவீதம், ரிசப்ஷன் அன்று கேமரா வெளியே எடுக்கும் முன் 50, முழுப் படங்களின் லிங்க் அனுப்பும்போது 10, ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் 10 என்று பிரித்தால், ஒவ்வொரு தொகைக்கும் எதிரே அவர்கள் கண்ணால் பார்க்கும் ஒரு பொருள் இருக்கும். எந்தக் கட்டத்தில் பணம் வரவில்லையோ அதற்கு அடுத்த கட்டம் தொடங்காது, அதற்கான நாளும் ஓடாது என்று ஒரு வரி சேருங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் 18 சதவீத வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதை முதல் பக்கத்திலேயே தெளிவாக்கவேண்டும். சேவைக்கான முன்பணத்துக்கும் வரி உண்டு என்பதை மறக்கவேண்டாம்.

"அட்வான்ஸ் எந்தக் காரணத்துக்கும் திரும்பத் தரப்படாது" என்ற வாசகத்தை எல்லோரும் எழுதுகிறார்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் அபராதமாக எந்தத் தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே பெறலாம் என்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற பிரிவே இருக்கிறது. ஆகவே படிப்படியாக எழுதுங்கள்: 90 நாளுக்கு முன் ரத்தானால் பாதி அட்வான்ஸ் திரும்ப, அதற்குப் பிறகென்றால் இல்லை, அதே தேதியில் உங்களுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டால் திருப்பித் தருவீர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தேதி மாற்றத்துக்கு ஒரு வரிகூட இல்லாத ஒப்பந்தங்கள்தான் பலரையும் தெருவில் நிறுத்தின. குடும்பத்தில் சாவு, அரசுத் தடை, வெள்ளம் இவற்றுக்காகத் தேதி மாறினால் ஓர் ஆண்டுக்குள் அட்வான்ஸ் அப்படியே புதுத் தேதிக்குப் போகும் என்பது நியாயமான நிபந்தனை.

யார் கையில், யார் சம்மதத்தோடு

முன்பதிவு செய்வது பெண்ணின் சித்தப்பா. பணம் தருவது அப்பா. படம் தேர்ந்தெடுப்பது பெண். ஆல்பத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது மாப்பிள்ளையின் அக்கா. இதில் யார் சொல்வதைக் கேட்பது? ஒப்பந்தத்தில் ஒரே ஒரு தொடர்பு நபரின் பெயரும் எண்ணும் இருக்கட்டும். தேர்வு, திருத்தம், ஒப்புதல் எல்லாம் அந்த எண்ணிலிருந்து வந்தால் மட்டும் செல்லும். சம்பந்தி வீட்டுக்கு ஆல்பம் உண்டா, அதன் பணம் எந்தப் பக்கம் என்பதை இரு வீட்டாரும் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

திருமணம் முடிந்தபின் குடும்பங்களுக்குள் பிணக்கு ஏற்படுவதும் உண்டு. அப்போது இரு பக்கமும் படம் கேட்டு வரலாம், கொடுக்காதே என்றும் சொல்லலாம். கையெழுத்திட்டவருக்கு மட்டுமே படங்கள் தரப்படும், மற்றவருக்குத் தர அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்ற ஒரு வரி அந்தச் சிக்கலிலிருந்து உங்களை விலக்கி வைக்கும்.

படங்களை வெளியிடும் சம்மதத்தைத் தனிப் பக்கத்தில் வாங்குங்கள், மணமகள் மணமகன் இருவருடைய கையெழுத்தோடும். அப்பாவின் கையெழுத்து இதற்குப் போதாது. எல்லாப் படமும் வெளியிடலாம், நாங்கள் தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும், எதுவும் வேண்டாம் என்று மூன்று கட்டங்கள் வைத்து ஒன்றில் டிக் செய்யச் சொல்லுங்கள். நலங்கு, அலங்காரம் செய்துகொள்ளும் அறை, குழந்தைகள் இந்தப் படங்களைச் சம்மதம் இருந்தாலும் பொதுவில் போடவேண்டாம் என்பது என் வேண்டுகோள். பதிப்புரிமை உங்களிடம் இருக்கிறது என்பதால் ஒரு பெண்ணின் முகத்தை அவள் விரும்பாத இடத்தில் வைக்கும் உரிமை வந்துவிடாது. பின்னாளில் எடுத்துவிடச் சொன்னால் 7 நாளில் எடுத்துவிடுவேன் என்றும் எழுதிக் கொடுங்கள்.

தொலைந்தால்

இதை எழுதக் கை வராது, எழுதியே ஆகவேண்டும். கார்டு பழுதாகலாம், பை திருடு போகலாம். இரண்டு கார்டு போடும் கேமராவில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிய வைப்பது, அன்றிரவே மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு கட்டடத்தில் என்ற ஒழுங்கைக் கடைப்பிடிப்பீர்கள் என்று ஒப்பந்தத்திலேயே சொல்லுங்கள். 2015 டிசம்பரில் சென்னையில் கீழ்த்தளக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு வேறு கட்டடம் ஏன் என்று விளக்கவேண்டியதில்லை. வெளி ஆளைக் கேண்டிட்டுக்கு அழைத்தால் அவருடைய கார்டுகளை மண்டபத்திலேயே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அவரோடும் ஒரு பக்க ஒப்பந்தம் இருக்கட்டும்.

அப்படியும் இழப்பு நேர்ந்தால், இழந்த பகுதிக்கான தொகையைத் திருப்பித் தருவேன் என்பது குறைந்தபட்ச நேர்மை. "எந்த இழப்புக்கும் பொறுப்பல்ல" என்று எழுதித் தப்பிக்க முடியாது. திருமணப் படம் கிடைக்கவில்லை என்று நுகர்வோர் ஆணையம் போன வழக்குகள் உண்டு. சேவைக் குறைபாடு என்று முடிவானால் மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 2019 சட்டப்படி அந்தக் குடும்பம் தாங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம்.

ஒப்படைத்த பிறகு எத்தனை நாள் நீங்கள் வைத்திருப்பீர்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆல்பம் தந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு என்பது நியாயமான காலம். லிங்க் 30 நாள் மட்டும் திறந்திருக்கும். அழிக்கும் முன் ஒரு செய்தி அனுப்புவீர்கள். பொறுப்பு முடியும் நாள் எழுதப்படாவிட்டால், பத்து வருடம் கழித்தும் "அந்த ஹார்ட் டிஸ்க் இருக்கா தம்பி?" என்று கேட்டு வருவார்கள்.

தாளும் கையெழுத்தும்

ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும். தமிழில் எழுதிய ஒப்பந்தமும் முழுமையாகச் செல்லும். கையெழுத்திடுபவருக்குப் புரிந்தது என்று பின்னால் நிரூபிக்கவேண்டி வந்தால், அவர் பேசும் மொழியில் இருப்பதுதான் உங்களுக்குப் பலம். மூன்று பக்கத்தைத் தாண்டவேண்டாம். தேதிப் பட்டியல் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில். மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கும் ஒப்புதலையும் சட்டம் ஏற்கிறது. ஆனால் அதை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். அதனால் அந்த உரையாடல்களை அழிக்காமல், போன் மாற்றும்போது தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பென்டிரைவையோ ஆல்பத்தையோ கொடுக்கும்போது, என்ன, எத்தனை, எந்தத் தேதி என்று எழுதிய ரசீதில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தை வாங்குங்கள். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாலும், காபி குடித்துவிட்டு வந்தாலும், கையெழுத்து வாங்காமல் வரவேண்டாம்.

உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் படிவத்தை ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அந்தச் செலவு ஒரு தடவைதான். அதன்பின் சொந்தக்காரர் வீட்டு விசேஷமானாலும், நண்பரின் தங்கை கல்யாணமானாலும், அட்வான்ஸ் வாங்குமுன் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.